தண்ணியில்லாக் காட்டுக்குப் பங்குனியில் வாங்க

ஆபீஸில் மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் வாயில் வரும் வசனம் ஒன்று உண்டு. "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" சினிமாவிலும் கேட்டிருப்பீர்கள். அந்தக் காடு வேறெங்கும் இல்லை, எங்க ராமநாதபுரம் மாவட்டம்தான். அதிலும் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி என்றால் தண்டனை ரெட்டிப்பு! ஹாஸ்டலில் ஊர் பேரைச் சொன்னாலும் அதே கதைதான். ஊட்டிப் பையனிடம் "லீவுக்கு வரட்டுமாடா?" என்று கேட்கிறவன், என்னிடம் "கமுதியா? அங்க என்ன மச்சி இருக்கு?" என்கிறான்.

என்ன இருக்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அங்கே ஒண்ணுமில்லை" என்கிற அந்த நினைப்பு இருக்கிறதே, மழை பொய்ப்பதைவிட அதுதான் எங்க பக்கத்துக்குப் பெரிய கேடு.

பொதுவாக வெளியூர்க்காரர்கள் எங்க ஊரைப் பார்ப்பது கத்திரி வெயிலில். அப்போது பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பங்குனியில் வந்து பார்க்கணும். புத்தகப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். எங்க ஊரில் பனியாவது கினியாவது! ஆனால் வேம்பு பூத்துவிடும், புங்கை தளிர்விடும், பனங்காட்டில் பதநீர் இறங்க ஆரம்பிக்கும். களம் முழுக்கக் குண்டு மிளகாய் சிவப்பாகக் காயும் (2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்க ராமநாதபுரம் மிளகாயேதான்). முத்துமாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலும் அப்போதுதான். நேர்த்திக்கடனுக்காக உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு சேத்தாண்டி வேடம் போட்டு வருவார்கள். தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய ஊரில் சாமிக்குச் செலுத்துவது சேறு. இது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

இந்தப் பங்குனிக்கும் போயிருந்தேன். திருவிழா முடிந்த மறுநாள் பெரியப்பாவோடு வண்டியில் சித்திரங்குடி கிளம்பினோம். முதுகுளத்தூர் தாண்டிப் போகணும். அங்கே இருப்பது ஒரு கண்மாய், அவ்வளவுதான். விவசாயத்துக்காக நம்ம ஆட்கள் கரை போட்டு, மடை வைத்து, மழைத்தண்ணியைத் தேக்கிய சாதாரண கண்மாய். ஆனால் உள்ளே நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களைப் பார்க்கணுமே! கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் என்று மரத்துக்கு மரம் ஒரு குடித்தனம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகியதும் வந்து கூடு கட்டுகிறவை. பங்குனியில் தண்ணி வற்றிக்கொண்டே வர, மிச்சமிருக்கும் மீனெல்லாம் குறைந்த தண்ணிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். வளர்ந்த குஞ்சுகளுக்கு அதுதான் விருந்து. கிளைக்குக் கிளை தத்திப் பறக்கப் பழகிக்கொண்டிருந்தன.

சித்திரங்குடியும் பக்கத்திலுள்ள காஞ்சிரங்குளமும் 1989-இல் பறவைகள் சரணாலயம் ஆனவை. 2022-இல் இரண்டுக்கும் ராம்சார் தகுதி கிடைத்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அர்த்தம். 2025 தொடக்கத்தில் சக்கரக்கோட்டைக்கும் தேர்தங்கலுக்கும் கிடைத்தது. ஆக, தண்ணியில்லாக் காட்டில் உலகம் ஒப்புக்கொண்ட ஈரநிலங்கள் இத்தனை! இந்தச் சரணாலயங்கள் கண்மாயாக இருப்பதால்தான் பறவைக்கு வீடாகவும் இருக்கின்றன. அதன் எச்சம் கலந்த தண்ணி வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். ஊர்க்காரனுக்கும் நாரைக்கும் இங்கே சண்டை கிடையாது.

திரும்பி வரும்போது உழாமல் கிடந்த கரிசல் புஞ்சை ஒன்றில் இறங்கி நடந்தோம். திடீரென்று பெரியப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "பாத்துக் கால வையி, ஆக்காட்டி முட்டை கெடக்கு." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் காட்டிய பிறகுதான் தெரிந்தது, சின்னச் சின்னக் கல்லுக்கு நடுவே மண்கட்டி மாதிரியே நாலு முட்டை. கூடுகூட இல்லை, வெறும் பள்ளம். மேலே தாய்ப்பறவை கத்திக் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. ஆள்காட்டிக்கு மரம் வேண்டாம், புதர் வேண்டாம். இப்படி வெட்டவெளியாகக் கிடக்கும் மண்தான் வேண்டும். வானம்பாடிக்கும் அப்படித்தான். கவுதாரிக்குக் கொஞ்சம் புல்லும் புதரும் இருந்தால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தப் புஞ்சையை அரசாங்கக் காகிதத்தில் என்னவென்று எழுதுவார்கள்? தரிசு. வரி வராத நிலமெல்லாம் வீண் நிலம் என்று வெள்ளைக்காரன் வருவாய்க் கணக்குக்காகப் பழக்கிவிட்ட பார்வை அது. சுதந்திரம் வந்த பிறகும் மாறவில்லை. நாடு முழுக்கத் தரிசு நில வரைபடம் என்று மத்திய அரசே 2000-லிருந்து பலமுறை வெளியிட்டிருக்கிறது. புதர்க்காடும் அதில் தரிசுக் கணக்கில்தான் வரும். இத்தனைக்கும் நாம் பாலையையும் ஒரு திணையாக வைத்து, அதற்கும் மரம், பறவை, தெய்வம் என்று பிரித்துக்கொடுத்த மொழிக்காரர்கள்!

ஒரு நிலத்தை வெறும் நிலம் என்று முடிவு கட்டிவிட்டால், அதில் எதைக் கொண்டுவந்து நிரப்பினாலும் நல்லது என்றுதான் தோன்றும். சீமைக் கருவேலம் வந்த கதை அதுதான். அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-களில் இந்தியாவுக்கு வந்தது. வறண்ட இடத்தில் விறகு கிடைக்கும், பசுமையாக இருக்கும் என்று பரப்பினார்கள். இன்று குண்டாற்றுப் படுகையிலும், வரத்துக் கால்வாயிலும், கண்மாய் உள்வாயிலும் அதுதான் ராஜா. தண்ணி வருகிற வழியெல்லாம் முள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மும்முரமாக வெட்டினார்கள். வெட்டிய கட்டையிலிருந்தே திரும்பத் துளிர்க்கிற ஜாதி அது.

அதற்காக ஒரே நாளில் புல்டோசர் விட்டுத் தள்ளு என்று நான் சொல்லமாட்டேன். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போட்டு எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது என்று எங்களுக்குத் தெரியும். மழை பொய்த்த வருஷங்களில் பலர் வீட்டில் அடுப்பெரிந்தது இந்த முள்ளால்தான். வேறு மரம் இல்லாத இடத்தில் பறவையும் இதிலேதான் கூடு கட்டுகிறது. முதலில் வரத்துக் கால்வாயிலும் கண்மாயிலும் வேரோடு எடுக்கட்டும். எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலம் வைக்கட்டும். குஞ்சு கூட்டில் இருக்கும் மாசங்களில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது சூரிய மின்சாரம். 2016-இல் கமுதி பக்கம் 648 மெகாவாட் மின்நிலையம் வந்தது. சுமார் 2500 ஏக்கர். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசினார்கள். கமுதி என்ற பேரை வெளிநாட்டுக்காரன் கேள்விப்பட்டதே அதற்குப் பிறகுதான் :-) நிலக்கரியை எரிப்பதைவிட இது எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. அடுத்த 2500 ஏக்கருக்கு இடம் தேடும்போது "சும்மா கிடக்கிற நிலம்தானே" என்று ஆரம்பிப்போமா, இல்லை அங்கே மழைத்தண்ணி எந்த வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எந்தப் பறவை எந்த மாசம் முட்டையிடுகிறது என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்போமா? மலைக்காட்டில் ஒரு மரம் வெட்டினால்கூட நாலு பேர் கேள்வி கேட்கிறார்கள். கரிசல் வெளிக்குக் கேட்க ஆள் இல்லை. அது பச்சையாக இல்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம்?

சேதுபதிகள் காலத்தில் குண்டாற்றுத் தண்ணியைக் கமுதிப் பக்கத்திலிருந்து முதுகுளத்தூர்ப் பக்கம் திருப்ப ரகுநாத காவிரி என்று ஒரு கால்வாய் வெட்டினார்கள். பேரைப் பாருங்கள்! வருஷத்தில் சில நாள் வெள்ளம் வரும் ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலுக்குக் காவிரி என்று பேர் வைக்க எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! அவர்கள் இந்த ஊரைத் தண்ணியில்லாக் காடு என்று விட்டுவிடவில்லை. எப்போதாவது வரும் தண்ணியைப் பிடித்து வைக்க வேண்டிய ஊர் என்று பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் கண்மாயைக் கொடுத்தது, கண்மாய்தான் நாரையைக் கொண்டுவந்தது. சரணாலயம் என்று போர்டு வைத்துவிட்டு வரத்துக் கால்வாயை முள்ளுக்கு விட்டால் போர்டு மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே மக்களே, கொடைக்கானல் எங்கேயும் ஓடிப்போகாது. அடுத்த பங்குனியில் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக பஸ் ஏறுங்கள். பதநீர் என் செலவு. ஒரே ஒரு கண்டிஷன், புஞ்சையில் நடக்கும்போது தரையைப் பார்த்துத்தான் நடக்கணும்.