சக்கர மூடியின் மெருகு

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிப்பிடித்துச் செப்பனிட்டு ஓட்டும் விருப்பம் நம் நாட்டில் பெருகி வருகின்றது. கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்கள் பெயரால் நடைபெறும் அறக்கட்டளை, 2015-ஆம் ஆண்டில் பழைய கார்களுக்கென்றே ஒரு காட்சிச்சாலையைத் திறந்தது. மதுரைக்கும் இது புதிதன்று. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ஆம் ஆண்டில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய நாள் முதல், மோட்டாரைப் பிரித்துப் பூட்டவல்ல கைகள் இவ்வூரில் குறைந்ததில்லை. ஆனால் இயந்திரத்தின்பால் காட்டும் கவலையில் ஒரு சிறு பங்கேனும், சக்கரத்தின் நடுவே ஒளிரும் வட்ட மூடியின்பால் காட்டப்படுவதில்லை. பட்டறையில் ‘வீல் கப்’ என்று வழங்கும் அதனை நாம் சக்கர மூடி என்போம். அதனைப் புதுக்குகின்றோம் என்று சொல்லிக்கொண்டே பலர் அதனை அழித்துவிடுகின்றனர் என்பது நம் கருத்து.

இதற்கு முதற்காரணம் நம் வீட்டுப் பழக்கமே. குத்துவிளக்கையும் குடத்தையும் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் துலக்கிப் பழகிய கை, பளபளக்கும் எதனையும் அவ்வாறே துலக்க நீளுகின்றது. பித்தளை உள்ளும் புறமும் ஒரே பொருள். புளியின் அமிலம் மேலே படர்ந்த களிம்பைக் கரைக்கும். பொடி சற்று அதிகமாகத் தேய்த்துவிட்டாலும் அடியில் தோன்றுவது பித்தளைதான். குரோமிய முலாம் பூசிய மூடியின் இயல்பு வேறு. அடியில் இரும்புத் தகடு; அதன்மேல் பலவற்றிற் செம்பு; அதன்மேல் நிக்கல்; யாவற்றுக்கும் மேலே குரோமியம். நாம் வியக்கும் ஒளியிற் பெரும்பகுதி நிக்கலுக்கு உரியது. குரோமியப் படலமோ, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அதில் ஒரு கூற்றினும் குறைந்த கனமே உடையது. அது மிகக் கடினமானதுதான். எனினும் கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகள் அதில் உண்டு. புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்த்தால், உப்பு அவ்வெடிப்புகளின் வழியே இறங்கி அடியிலுள்ள இரும்பைத் தின்னத் தொடங்கும். ஒரு நாள் மினுக்கு. அடுத்த மழைக்குள் பழுப்புப் புள்ளிகள்.

செய்யத்தக்கது எளிது. முதலில் நீரை வார்த்து மண்ணைக் கழுவிவிட வேண்டும்; நம் கரிசல் மண்ணையும் செம்மண் தூசியையும் உலர்ந்த துணியால் துடைப்பது மணற்காகிதத்தால் துடைப்பதை ஒக்கும். பின்பு சோப்பு நீரும் மெல்லிய துணியும். துருப்புள்ளி இருப்பின், உணவு பொதியும் அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, மெல்லத் தேய்க்கலாம். அலுமினியம் குரோமியத்தினும் மிக மென்மையானது. ஆதலின் கீறாமல் துருவை மட்டும் எடுக்கும். நன்கு உலர்த்தியபின் மெழுகு பூசுவது போதும். இதற்குமேலும் சிறு குழிகள் எஞ்சுமாயின், எஞ்சட்டுமே! ஐம்பது ஆண்டு சாலையிற் சுழன்ற பொருள் நேற்றுப் பிறந்ததுபோல் தோன்ற வேண்டுமென்பது என்ன ஆசையோ, நமக்கு விளங்கவில்லை.

மறுமுலாம் பூசினால் புத்தம் புதிதாகுமே என்பார் பலர். ஆகும், ஆனால் அதன் விலையை அறிந்தவர் சிலரே. பழைய குரோமியத்தையும் நிக்கலையும் கரைத்து நீக்கி, தகட்டின் நசுங்கலை உட்புறமிருந்து தட்டி நிமிர்த்தி, சுழலும் துணிச் சக்கரத்தில் இரும்பு வழவழப்பாகும்வரை தேய்த்த பின்னரே முலாம் ஏறும். அத்தேய்ப்பிலேதான் கேடு விளைகின்றது. மூடியின் நடுவே எழுந்து நிற்கும் எழுத்துகளும் சின்னமும் முனை மழுங்கிச் சப்பையாகிவிடும். அதன்மேல் எவ்வளவு ஒளியேற்றினாலும், போன கூர்மை மீளாது.

இதனினும் பெரிய விலை ஒன்று உண்டு; அதனை வண்டிக்குடையவர் கொடுப்பதில்லை. குரோமியம் பூசும் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தின் பெரும்பகுதி உலோகத்தைப் படியவைப்பதில் செலவாவதில்லை. ஹைட்ரஜன் குமிழிகளை எழுப்புவதிலேயே செலவாகின்றது. குமிழிகள் மேலே வந்து உடையும்போது அமிலம் நுண்ணிய பனிபோல் காற்றிற் கலக்கின்றது. அதனைச் சுவாசிக்கும் தொழிலாளிக்குக் கையிற் புண்ணும், மூக்கின் நடுத்தண்டில் துளையும் உண்டாவது நெடுங்காலமாக மருத்துவர் கண்ட உண்மை. ஆறு இணைதிறன் கொண்ட இக்குரோமியம் புற்றுநோய் விளைப்பதென்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. இராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைக் குவித்துவிட்டுச் சென்றது. சுற்றிலுமுள்ள நிலத்தடி நீர் கெட்டது. அவ்வாலை முலாம் பட்டறையன்று. எனினும் நஞ்சு அதுவே. கிணற்று நீரை நம்பி வாழும் மதுரைச் சமவெளியில், ஒரு சிறு பட்டறையின் கழுவுநீர் எந்தச் சாக்கடைக்குப் போகின்றதென்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வேலை கொடுப்போருக்குக் கேட்கும் கடமையே உண்டு.

முலாம் பூசுவோரின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்று நம்மை வினவலாம். கையால் மெருகிடுவதும் கூலி பெறும் வேலைதானே! நான்கு மூடிகளைப் பொறுமையாகத் துலக்குபவனுக்கு அரைநாட் கூலி கொடுக்க மனம் வராத ஒருவர், மறுமுலாமுக்குப் பன்மடங்கு கொடுப்பதைத்தான் காண்கின்றோம்.

பழைமைக்கு உண்மையாக இருத்தல் என்னும் பேச்சும் இங்கு எழும். கார்களில் குரோமியம் பரவியது 1920-களின் பிற்பகுதியிலேதான். அதற்கு முந்தியவை பித்தளையோ, சற்றே மஞ்சள் கலந்த ஒளியுடைய நிக்கலோ தாங்கியவை. 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போரின் பொருட்டு அமெரிக்க ஆலைகள் குரோமிய அலங்காரத்தை விட்டு வர்ணமே பூசி வண்டிகளை அனுப்பின. பெட்ரோல் கிடையாத அவ்வாண்டுகளில் மதுரை டி. வி. எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவிகளைச் செய்து அளித்தது. அக்கால வண்டியொன்றில் வர்ணம் பூசிய மூடியைக் கண்டு குரோமியம் ஏற்றுவோர், வரலாற்றுச் சான்றொன்றைத் துடைத்தெறிகின்றனர். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தனியே பதிவு செய்ய 2021-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மத்திய அரசு விதிகள், அடிச்சட்டமும் உடற்கூடும் இயந்திரமும் பெரிதும் மாற்றப்படாதிருத்தலை வேண்டுகின்றன. மூடியைக் காப்பது உடையவர் பொறுப்பே.

முலாம் உரிந்து இரும்பே தெரியும் மூடிக்கு மறுமுலாம் வேண்டியதாகலாம். அப்போது, ஊறு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியத்தைக் கையாளும் பட்டறையைத் தேடுக. நிறம் சிறிது வேறுபடினும் பொறுக்கலாம். எழுத்துள்ள நடுப்பகுதியைத் துணிச் சக்கரத்திற் கொடுக்க வேண்டாமென்று முன்னரே சொல்லிவைப்பதும் நன்று. மூடி திரும்பி வந்ததும் உட்புறத்துக்கும் மெழுகு பூசுக. ஐப்பசி மழையில் சேறு தங்குவது அங்கேதான். துரு தொடங்குவதும் அங்கேதான்.