திறந்த வாயிலும் அடைத்த வாயிலும்

உரிமைப் போராட்டங்களின் வரலாற்றைப் பயிலுங்கால், வென்றவர் யார் என்பதை அறிந்தவுடன் நாம் ஏட்டை மூடிவிடுகிறோம். அவ்வெற்றிக்கு விலை கொடுத்தவர் யார் என்று வினவுவதில்லை. அயர்லாந்தின் நாடாளுமன்றத் தலைவர் டேனியல் ஓகானலின் (1775-1847) வாழ்வு இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

ஓகானல் கெர்ரி மாவட்டத்தில் பிறந்த வழக்கறிஞர். அயர்லாந்து மக்களுள் பெரும்பான்மையோர் அவரைப் போன்ற கத்தோலிக்கர். 1793ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கு வாக்குரிமை இருந்தது. நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை இல்லை. உறுப்பினர் எடுக்க வேண்டிய உறுதிமொழி கத்தோலிக்க வழிபாட்டையே பழிப்பதாக அமைந்திருந்தது. 'உன் நம்பிக்கையை இகழ்ந்துவிட்டு உள்ளே வா' என்பதே அன்றைய சட்டத்தின் பொருள்.

இதனை எதிர்க்க 1823இல் கத்தோலிக்கர் சங்கம் கண்டார் ஓகானல். மறு ஆண்டில், திங்களுக்கு ஒரு பென்னி சந்தா என்று வகுத்தார். சிறு தொகைதான், ஆயினும் குடிசைவாழ் ஏழையும் 'இச்சங்கம் என்னுடையது' என்று சொல்ல அது வழிசெய்தது.

1828 ஜூலையில் கிளேர் தொகுதி இடைத்தேர்தலில் அவரே நின்றார். வாக்காளருள் பெரும்பாலோர், ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலம் கொண்ட சிறு உழவர்கள். மறைவாக வாக்களிக்கும் முறை அன்று இல்லை. நிலக்கிழாரின் ஆட்கள் பார்த்திருக்க, வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்லல் வேண்டும். நிலம் பறிபோகும் என்ற அச்சத்தையும் மீறி அவ்வுழவர்கள் ஓகானல் பெயரைச் சொன்னார்கள். அவருக்கு 2,057 வாக்குகள். எதிர்த்து நின்ற அமைச்சருக்கு 982.

உள்நாட்டுக் கலகம் மூளுமோ என்று அஞ்சிய அரசு, 1829 ஏப்ரலில் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்ற வாயிலைத் திறந்தது. அதனோடு மற்றொரு சட்டமும் வந்தது. வாக்குரிமைக்கான நில மதிப்பு 40 ஷில்லிங்கிலிருந்து, அதாவது 2 பவுனிலிருந்து, 10 பவுனாக உயர்ந்தது. தலைவரை வாயில்வரை தோளில் சுமந்து வந்த உழவர்கள் வாக்கிழந்து வெளியே நின்றார்கள். அதனைத் தடுத்து நிறுத்தும் அளவிற்கு ஓகானல் போராடவில்லை.

அவ்விலையைக் கொடாதிருந்தால் சட்டமே நிறைவேறியிராது என்பாரும் உளர். அக்கூற்றை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் விலையைக் கொடுத்தவர் தலைவரல்லர். அவரை நம்பிய ஏழையர். சமுதாயம் முழுமைக்குமான வெற்றி என்று நாம் போற்றுவது, பல வேளைகளில் அச்சமுதாயத்தின் மேல்தட்டினருடைய வெற்றியாகவே நின்றுவிடுகின்றது.

ஓகானலைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. அவையில் அமர்ந்தபின் அவர் தம்மவருக்காக மட்டும் பேசவில்லை. அடிமை முறையைக் கடுமையாகச் சாடினார். யூதர்களுக்கும் சம உரிமை வேண்டுமென்றார். 1847 பிப்ரவரியில், பஞ்சத்தால் மடியும் அயர்லாந்து மக்களைக் காக்குமாறு நலிந்த குரலில் அவையை வேண்டினார். அவ்வாண்டு மே 15இல் ஜெனோவா நகரில் மறைந்தார். அவர் பெருமைக்கு இவை சான்று. எனினும் 40 ஷில்லிங் உழவர்களின் கடன் தீர்ந்ததாகக் கருத இயலாது.

கல்வியாலும் பதவியாலும் உயர்ந்த அவைகளுக்குள் நாளை அடியெடுத்து வைக்கவிருக்கும் மாணவச் செல்வங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: உள்ளே நுழைந்ததும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்களை அங்குவரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் இன்னும் வெளியே நிற்கின்றார்களா என்று கேளுங்கள்.