கம்ப்யூட்டரின் முகவரிப் புத்தகம் யார் கையில்?



கல்லாவில் ஒன்று, கணக்கறையில் ஒன்று, கிடங்கில் ஒன்று என மூன்று கம்ப்யூட்டர்களை ஒரே ரௌட்டரில் இணைத்து வியாபாரம் நடத்துகிறோம். தனியாக சர்வர் கிடையாது. மூன்றும் சமம். அதாவது, மேற்பார்க்கத் தலைமைக் கணக்குப்பிள்ளை இல்லை. எங்கள் மொத்தக் கடையிலும் இதே ஏற்பாடுதான்.

சென்ற மாதம் இன்டர்நெட் கம்பெனியை மாற்றினோம். மறுநாள் எண்ணெய் டின் ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. கணக்கறைக் கம்ப்யூட்டரில் இ-வே பில் தளம் திறக்கவில்லை. அரசுத் தளம்தான் பழுது என்று எண்ணி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பிறகுதான் கல்லாவில் இருந்த கம்ப்யூட்டரில் அதே தளம் திறப்பதைக் கண்டோம்!

காரணம் சிறியது. தளங்களை நாம் பெயரால் அறிகிறோம். கம்ப்யூட்டரோ எண்ணால்தான் போய்ச் சேரும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் முகவரிப் புத்தகமே டி.என்.எஸ். 1983இல் உருவான ஏற்பாடு இது. கணக்கறைக் கம்ப்யூட்டரில் மட்டும் பழைய கம்பெனியின் டி.என்.எஸ். எண்ணை யாரோ கையால் பதிந்து வைத்திருந்தார்கள். வாடிக்கையை விட்டவருக்குப் பழைய கம்பெனி ஏன் பதில் சொல்லப் போகிறது? கடைக்குள் பில் போடுவதற்கு அந்தப் புத்தகம் தேவைப்படாததால், கோளாறு கண்ணில் படவில்லை.

இது நேர நஷ்டத்தோடு போயிற்று. இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. இந்த எண்ணைத் திருட்டுத்தனமாக மாற்றி, சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களைத் தன் வழிக்குத் திருப்பிய ஒரு கும்பல் 2011இல் பிடிபட்டது. பாங்குத் தளத்தின் பெயருக்குத் தவறான எண் வந்தால் நம் கதி என்ன?

மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டிச் சாவியைப் பிறரிடம் விட்டு வைப்போமா? இதை மட்டும் ஏன் விட்டோம்?

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் டி.என்.எஸ். எண்ணைத் தானாகப் பெறும்படி வைத்து, ரௌட்டர் ஒன்றில் மட்டும் சரிபார்த்தால் போதும். ரௌட்டருடன் வந்த பாஸ்வேர்டை உடனே மாற்ற வேண்டும். எண்களைக் கணக்கு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். பிரவுசர் எச்சரித்தால் மீறிப் போகக் கூடாது.

இவற்றை நமது சங்கம் ஒரு மாலைக் கூட்டத்தில் செய்து காட்டினால் சிறு கடைக்காரர்களுக்குப் பேருதவியாகும். ஆவன செய்ய வேண்டுகிறோம்.