கட்டுரையில் பெயர் இல்லாத காணிகள்

ஒரு மருந்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், ஆராய்ச்சிக் கட்டுரையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் என்போம். அச்சில் வந்துவிட்டால் நம்பிவிடுவது நம்ம பழக்கம்.

பேச்சிப்பாறை மலையிலுள்ள காணிக்காரர்களை நம்ம மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதே இனத்தார் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்துக் காட்டிலும் இருக்காங்க. 1987-ல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் அங்கே அகத்தியமலைக் காட்டில் ஏறினார்கள். வழிகாட்டியவர்கள் காணிகள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குது. காணிகளோ ஏதோ சின்னக் காயை மென்றுகொண்டு சும்மா நடக்காங்க! கேட்டு வாங்கித் தின்ற பிறகு இவர்களுக்கும் களைப்பு போச்சு. என்ன செடி என்று சொல்ல முதலில் காணிகளுக்கு மனசில்லை. கடைசியில் காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

1988-ல் கட்டுரை வந்தது. தலைப்பில் காணி இனத்தின் பெயர் இருக்கு. எழுதியவர் வரிசையில் ஒரு காணியின் பெயர்கூட இல்லை!

காசு கொடுக்காமல் ஏமாற்றவில்லை, அதையும் சொல்லணும். பாலோடு தாவரவியல் தோட்டத்தார் 'ஜீவனி' என்ற மருந்து செய்து கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமை கொடுத்தபோது, 10 லட்சம் ரூபாயிலும் 2 சதவீத ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997-ல் அவர்களுக்கு ஒரு டிரஸ்டும் வந்தது. நல்ல காரியம். ஆனா கூலி வேறு, பெயர் வேறு.

'எழுதத் தெரியாதவன் எப்படி ஆசிரியர் ஆவான்?' என்று கேட்பார்கள். எனக்கு இந்தக் கேள்விதான் உறைக்குது. எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா கைநாட்டு. ஆனா ரப்பர் மரத்தில் கத்தி எவ்வளவு ஆழம் போகணும், எங்கே நிற்கணும் என்பது அவருக்குக் கையிலேயே இருக்கு. அதை நான் எழுதினால் அறிவு என்னுடையதாகிவிடுமா?

சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் இன்றைய விதி, ஆசிரியர் ஆக நாலு தகுதி கேட்கிறது. ஆய்வுக்கு முக்கியப் பங்களிப்பு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசிப் பிரதிக்குச் சம்மதம், பொறுப்பேற்பு. இதைப் பார்த்தால் காணிக்கு வழியே இல்லை போலத் தோணும். ஆனா அதே விதியில், முதல் தகுதி உள்ளவருக்கு மற்றதற்கு வாய்ப்பே கொடுக்காமல் வைத்து ஒதுக்கக் கூடாது என்றும் இருக்கு. வாசித்துக் காட்டி, "சரிதானா மூப்பரே?" என்று கேட்க ஒரு மத்தியானம் போதாதா?

1678-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' முதல் பாகத்தில், இட்டி அச்சுதன் வைத்தியரின் வாக்குமூலம் அவர் பெயரோடு, அவர் எழுத்திலேயே இருக்கிறது. டச்சுக்கார அதிகாரிக்குத் தோன்றியது, 300 வருஷம் கழித்து நம்ம ஆட்களுக்குத் தோன்றவில்லையே!

மருந்து போகட்டும், நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் விஷயம் சொல்லித் தந்த தொழிலாளியின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கணும் என்று யூனியனுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் செயலாளர் அண்ணன் சொல்லியிருக்கார்.