சட்டத்திற்கு உடையவர் யார்?

சட்டத்தை அறியாமை குற்றத்திற்குச் சமாதானமாகாது என்பது நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வேரூன்றிய நியாயம். பண்டிதனாயினும் பாமரனாயினும், இப்படி ஒரு சட்டம் இருப்பது தனக்குத் தெரியாது என்று கூண்டில் நின்று சொல்லித் தப்ப முடியாது. இதை நாம் குறை கூறவில்லை. இஃதின்றி ராஜ்ய பரிபாலனம் நடவாது. ஆயின் இந்நியாயத்திற்கு மறுபுறம் ஒன்றுண்டு. அறிந்திருக்கக் கடமைப்பட்டவனுக்கு அறிவதற்குரிய வழி திறந்திருத்தல் வேண்டும். அவ்வழியின் குறுக்கே சர்க்காரே பதிப்புரிமை என்னும் வேலியை நாட்டியிருக்கின்றனர் என்றால் வாசகர்களிற் பலர் வியப்படைவார்கள்.

1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். சர்க்கார் தயாரிக்கும் நூல்களுக்குச் சர்க்காரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆவது பிரிவு. பிரசுரமான வருஷத்திற்கு மறு வருஷம் முதல் 60 வருஷ காலம் அவ்வுரிமை நிலைத்திருக்கும் என்கிறது 28-ஆவது பிரிவு. இந்தக் கடுமையைத் தணிப்பதற்காக 52-ஆவது பிரிவில் சில விலக்குகள் வைத்திருக்கிறார்கள். கோர்ட்டுத் தீர்ப்புகளை, கோர்ட்டே தடை செய்தாலொழிய, எவரும் வெளியிடலாம். கெஜட்டில் வெளியான விஷயங்களையும் வெளியிடலாம். ஆனால் சட்டசபை இயற்றிய சட்டம் நீங்கலாக! சட்டத்தை வெளியிட விரும்புகிறவன் அதனுடன் ஒரு வியாக்கியானத்தையோ, சொந்தமாக எழுதிய வேறு ஏதேனும் விஷயத்தையோ சேர்த்தே வெளியிட வேண்டுமாம். இலாகா உத்தியோகஸ்தர் எழுதிக் கெஜட்டில் போட்ட விதியை உள்ளது உள்ளபடி பிரதி செய்யலாம். ஜனப் பிரதிநிதிகள் கூடி நிறைவேற்றிய மூலச் சட்டத்தையோ, ஒரு சொல்லும் கூட்டாமல் கொடுத்தால் அது விலக்கினுள் அடங்காது. புத்தகக் கடைகளில் விற்கும் சட்டப் பதிப்புகளிற் பல "சிறு குறிப்புகளுடன்" என்று முகப்பிலேயே பறைசாற்றிக் கொள்வது இந்த ஷரத்துக்கு அஞ்சித்தானோ என்னவோ!

காகிதமும் ஈய எழுத்துமாக இருந்த காலத்தில் இதற்கு ஒரு சமாதானம் சொல்லியிருக்கலாம். பிழை மலிந்த மலிவுப் பதிப்புகள் பெருகிவிடும் என்ற கவலை அன்று நியாயமானதே. இன்று நிலைமை வேறு. இணையத்தில் ஒரு பக்கத்தைப் படிப்பதென்பதே அதன் பிரதி ஒன்றைத் தன் கருவிக்குள் வாங்கிக் கொள்வதுதான். பிரதி செய்வதைத் தடுப்போம் என்பது படிப்பதைத் தடுப்போம் என்பதற்கு வெகு அருகில் வந்துவிட்டது.

இந்த விவகாரம் அமெரிக்காவில் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. ஜார்ஜியா மாகாணத்தின் அதிகாரபூர்வமான சட்டத் தொகுப்பில் சட்ட வாசகத்துடன் குறிப்புரைகளும் உண்டு. அவற்றைத் தயாரிப்பது ஒரு தனியார் கம்பெனி, மேற்பார்வையிட்டு வெளியிடச் செய்வது சட்டசபையின் கமிஷன், பதிப்புரிமையை மாகாணம் கொண்டாடி வந்தது. வழக்கு நடந்த காலத்தில் முழுத் தொகுதியின் விலை 412 டாலராக இருந்தது. குறிப்புரை நீங்கிய வெறும் வாசகம் மட்டும் இணையத்தில் இனாம். கார்ல் மாலமூத் என்பவரின் பொது நல ஸ்தாபனம் முழுத் தொகுப்பையும் வாங்கி, படமெடுத்து, இணையத்தில் எல்லாருக்குமாக வைத்தது. 2015-இல் மாகாணம் வழக்குத் தொடுத்தது. பிராதில் அவர் செய்கையைப் பயங்கரவாதத்தோடு ஒப்பிடவும் தயங்கவில்லை! 2020-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், மாகாணத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டமியற்றுவோர் அந்தப் பதவியில் இருந்து ஆக்குவது எதுவாயினும் அதற்கு அவர்கள் நூலாசிரியராக உரிமை கொண்டாட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 1834-இலேயே நீதிபதிகளின் தீர்ப்புகளைப் பற்றி அதே கோர்ட்டு சொன்னதன் தொடர்ச்சிதான் இது.

அத்தீர்ப்பில் நம் மனத்தைக் கவர்ந்தது ஒரு வாதம். வெறும் வாசகத்தை மட்டும் இனாமாகப் படிக்கும் ஏழைப் பிரஜை, கோர்ட்டு ரத்துச் செய்துவிட்ட பிரிவையும் அமலில் உள்ளதாகவே எண்ணிக் கொள்வான். காசு கொடுத்துக் குறிப்புரையைப் படித்தவனுக்கே அது செல்லாதென்று தெரியும். அயல்நாட்டுக் கதைதானே என்று இருந்துவிட வேண்டாம். நம் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அரசியல் சாஸனத்திற்கு முரணானதென்று தள்ளிவிட்டது. அதன் பின்னும் பல ராஜ்யங்களில் போலீஸார் அதே பிரிவின் கீழ் வழக்குப் பதிவு செய்துகொண்டிருந்தனர். 2021 ஜூலையில் இது தெரிவிக்கப்பட்டபோது நீதிபதிகள் திடுக்கிட்டனர். அட்டர்னி ஜெனரல் சொன்ன விளக்கம் என்ன? சட்டப் புத்தகத்தில் அப்பிரிவு அச்சாகியே இருக்கிறது. ரத்தான செய்தி அடிக்குறிப்பில் இருக்கிறது என்பதாம். அப்பிரிவின் கீழ் எவர்மீதும் வழக்கு நடத்தலாகாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. குறிப்புரை என்பது அலங்காரமன்று. ஒருவனுடைய சுதந்திரமே சில வேளை அதில் தொங்குகிறது.

அப்படியானால் தனியார் உழைத்து எழுதும் குறிப்புரைகளையும் பொதுவாக்கிவிட வேண்டுமா? வேண்டாம். இங்கே நம் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த எல்லை நமக்கு உடன்பாடே. ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும், தீர்ப்புகளைக் குறுந்தகட்டில் ஏற்றி விற்ற வேறு இருவருக்கும் நடந்த வியாஜ்யத்தில் 2007 டிசம்பரில் முடிவு சொல்லப்பட்டது. தீர்ப்பின் மூல வாசகம் எவருடைய சொத்துமன்று. பதிப்பாசிரியர் எழுதும் தலைக்குறிப்பு, அவர் பத்தி பிரித்து எண்ணிட்ட முறை ஆகியவற்றில் அவருடைய புத்தியின் உழைப்பு இருப்பதால் அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்பது முடிவு. பத்திரிகையும் புத்தகமும் வெளியிட்டு ஜீவிக்கும் நாம் பதிப்புரிமைக்கு விரோதியாக இருக்க முடியாது. சம்பளம் கொடுத்தவர்கள் மகாஜனங்களாகவும், ஆக்கியது மகாஜனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமாகவும் இருக்கும்போது, உரிமையாளர் வேறொருவராக இருப்பானேன் என்பதே நம் கேள்வி.

சட்டம் என்ற பெயரில்லாமலே சட்டத்தின் பலம் பெற்றவைகளும் உண்டு. இந்தியத் தரநிர்ணய நிறுவனம் வகுக்கும் தரவிதிகள் அத்தகையன. சிமெண்டு முதலிய எத்தனையோ சரக்குகளை அவ்விதிப்படியன்றிச் செய்வதும் விற்பதும் குற்றம். ஆனால் நிறுவனத்தின் அனுமதியின்றி ஒரு தரவிதியை எந்த உருவிலும் பிரசுரிக்கலாகாது என்று 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு தடுக்கிறது. மாலமூத்தின் ஸ்தாபனம் இத்தரவிதிகளையும் இணையத்தில் வைத்தது. அதன் விளைவாக 2015-இல் டில்லி ஹைகோர்ட்டில் பொதுநல மனு ஒன்று தாக்கலாயிற்று. பின்னர் நிறுவனமே தன் தளத்தில் பதிவு செய்துகொள்பவர்கள் பல தரவிதிகளை விலையின்றி இறக்கிக்கொள்ள இடமளித்தது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். எனினும் 11-ஆவது பிரிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்று ஒரு டைரக்டர் கொடுத்த சலுகையை நாளை வேறொரு டைரக்டர் எடுத்துவிடலாம். உரிமைக்கும் தயவுக்கும் உள்ள தூரத்தை இந்நாட்டவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

விற்பனை வருமானமின்றேல் நிபுணர் கமிட்டிகளை நடத்துவது எப்படி என்று கேட்பவர்கள் உளர். ஐரோப்பிய நீதிமன்றத்திலும் இக்கேள்வி எழுந்தது. விளையாட்டுச் சாமான்களின் அபாயமின்மை பற்றிய நான்கு தரவிதிகளைப் பார்வைக்குத் தர மறுத்தது செல்லாதென்று 2024 மார்ச் 5-ஆம் தேதி அக்கோர்ட்டு தீர்த்தது. சட்டத்தின் அங்கமாகிவிட்டதை ஜனங்கள் பார்க்கவேண்டும் என்ற பொதுநலமே அங்கு மேலோங்கி நின்றது. வாஷிங்டனிலுள்ள அப்பீல் கோர்ட்டும் 2023-இல், சட்டத்தில் சேர்க்கப்பட்ட தரவிதிகளை லாபநோக்கின்றி வெளியிடுவது நியாயமான உபயோகமே என்றது. கமிட்டிச் செலவு சர்க்கார் பொக்கிஷத்தைச் சேர்ந்தது. அதைச் சிறு பட்டறைக்காரனிடம் பிரதி ஒன்றுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது முறையன்று.

2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இவ்விஷயத்தில் பின்னோக்கிப் போகவில்லை. அதன் 9-ஆவது பிரிவின்படி, ராஜ்யமல்லாத பிறருடைய பதிப்புரிமை பங்கப்படுமானால் மட்டுமே தகவலை மறுக்கலாம். சர்க்கார் தமது பதிப்புரிமையைக் காட்டி மறுப்பதற்கு அங்கே இடமில்லை. ஆனால் மனுப் போட்டு ஒரு பிரதி பெறுவது வேறு, பெற்றதை ஊராருக்குப் பிரசுரிப்பது வேறு. முதலாவதற்கு ஒரு சட்டமும் இரண்டாவதற்கு எதிரான மற்றொரு சட்டமும் ஒரே புத்தக அலமாரியில் சுகமாக இருந்து வருகின்றன.

சர்க்காரின் நடைமுறை சட்டத்தைக் காட்டிலும் முன்னேறிவிட்டது என்பதையும் மறைக்கலாகாது. மத்திய சர்க்கார் சட்டங்களை "இந்தியா கோட்" தளத்தில் வைத்திருக்கிறார்கள். சுப்ரீம் கோர்ட்டும் 2023 ஜனவரி முதல் தன் அதிகாரபூர்வமான தீர்ப்புத் திரட்டை இணையத்தில் இனாமாகக் கொடுக்கிறது. ஜில்லாக் கோர்ட்டு இளம் வக்கீல் ஒருவர், சீனியரின் அலமாரிச் சாவிக்குக் காத்திராமல் தீர்ப்பைப் படிக்கிறார் என்பது நம் தலைமுறையினருக்குக் கனவு போன்றது.

தமிழருக்கு இதில் தனிக் கவலை ஒன்றுண்டு. அதே 52-ஆவது பிரிவு, சட்டத்தை இந்திய பாஷைகளில் மொழிபெயர்ப்பதற்கும் நிபந்தனை விதிக்கிறது. சர்க்கார் மொழிபெயர்ப்பு வெளிவராதிருந்தால், அல்லது வெளிவந்தும் விலைக்குக் கிடைக்காதிருந்தால்தான் பிறர் மொழிபெயர்த்து வெளியிடலாம். அதிலும் இது சர்க்காரால் அங்கீகரிக்கப்படாதது என்று கண்ணில் படும்படி போடவேண்டும். பின்னதை ஒப்புக்கொள்கிறோம், படிப்பவன் ஏமாறலாகாது. முன்னது எதற்கு? சர்க்கார் மொழிபெயர்ப்பின் நடை புரியவில்லையென்று இன்னொருவர் தெளிந்த தமிழில் தந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? 1949-இல் சென்னை சர்க்கார் பாரதியார் நூல்களின் உரிமையைத் தம் வசமாக்கிக் கொண்டது பூட்டி வைப்பதற்காக அன்று. கவிக்குச் செய்ததைக் கிரிமினல் சட்டத்திற்குச் செய்ய என்ன தடை? வேண்டுவது பெரிய மசோதாவன்று. 52-ஆவது பிரிவில் வியாக்கியான நிபந்தனையையும் மொழிபெயர்ப்பு நிபந்தனையையும் நீக்க இரண்டு வரி, தரநிர்ணயச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் கட்டாயமாக்கப்பட்ட தரவிதிகளுக்கு விலக்களிக்க ஒரு வரி. தமிழ்நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் எக்கட்சியினராயினும், தனி அங்கத்தினர் மசோதாவாகவாவது இதைக் கொண்டுவரலாம்.