முதுகு காட்டும் மனைகள்

வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர்களின் மனைப்பிரிவு வரைபடங்களைப் புரட்டுவது வங்கி குமாஸ்தாவான என் பிழைப்பு. விழுப்புரம், திண்டிவனம் என்று நெடுஞ்சாலை ஓரத்து நஞ்சை புஞ்சையெல்லாம் 'நகர்' ஆகிவிட்டது. ஒரு நகரின் தெரு அடுத்த நகரின் தெருவோடு சேராது. பக்கத்து மனைக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து சுத்தணும். சதுர கிலோமீட்டருக்கு எத்தனை தெருச்சந்திப்பு, எத்தனை முட்டுச்சந்து என்று நிபுணர்கள் எண்ணுகிறார்கள். எண்ணட்டும். எந்தத் தெரு யார் வீட்டுக்கு முன்னால் முட்டி நிற்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது.

செக்குபந்தியைப் படியுங்கள். 'வடக்கே ஆதிதிராவிடர் காலனி' என்றிருந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம் தெரு இருக்காது. வரிசையாக மனைகளின் முதுகுதான். "அங்க வழி விட்டா மனை விலை போவாது சார்" என்பார் புரோக்கர், கூச்சமில்லாமல். பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரியும்; சேரிப் பிள்ளை ஏரிக்கரையைச் சுற்றி நடக்கும். நூற்றியெட்டு வண்டியும் சுற்றித்தான் வரும்.

தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர்கள் இதற்காக 1950இல் ஒரு சட்டமே போட்டார்கள். 1991இல் அது ஒழிந்தது. ஜொகன்னஸ்பர்க்குக்கும் சோவெட்டோவுக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஒழியவில்லை. நம்மூரில் சட்டம் தேவைப்படவில்லை. அளவுச் சங்கிலியே போதும்.

உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவரை 2008இல் ஒரு பகுதி இடித்தார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில் சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள். சுவர் என்றால் போராடலாம், படம் பிடிக்கலாம். வழக்கமாகப் போன வழியை மறித்தால் 1989ஆம் வருட வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது. வழியே போடாமல் விட்டால்? எவனும் எதையும் மறிக்கவில்லை. வரைபடத்தில் சுவர் இல்லை, மனை எண்கள்தான் இருக்கின்றன.

எங்கள் திருவெண்ணெய்நல்லூரில் சிவன் ஓலை காட்டிச் சுந்தரரைத் தடுத்தாட்கொண்டார் என்பார்கள். நம்மைத் தடுப்பதற்கும் ஓலைதான். ஆட்கொள்ள யாரும் வரவேண்டாம், தெரு வந்தால் போதும்.

வழி இருக்கிறது. அப்ரூவல் வாங்கும் மனைப்பிரிவின் தெருக்களை ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிய பிறகு அது பொதுத்தெரு. வாங்கும்போதே 'காலனித் தெருவோடு சேர்த்துக் கொடு' என்று நிபந்தனை போட என்ன தடை? அங்கீகாரமில்லாத மனைகளை 2017இல் வரன்முறைப்படுத்த ஆரம்பித்தபோதே போட்டிருக்கலாம். இனியாவது கிராமசபையில் நம்ம ஆட்கள் வரைபடத்தை விரிக்கச் சொல்லிக் கேட்கணும். மே தினத்துக்கும் ஆகஸ்ட் 15க்கும் சபை கூடுகிறது. தீர்மான நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பப் பார்ப்பார்கள், போகாதீர்கள்.