மேலோட்டமாய்ப் படிப்பவன் யார்?

ஆலையில் நூல் அறுந்தால் மேஸ்திரி என்ன சொல்கிறார்? "உன் கை சரியில்லை" என்கிறார். பஞ்சு மட்டமா, மிஷின் பழசா என்று பார்ப்பதில்லை. கலாசாலையிலும் இதே வழக்கம்தான், தோழர்களே! பையன் தோற்றால் "மூளை போதாது" என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு இப்போது ஆராய்ச்சிச் சொல் ஒன்றும் கிடைத்திருக்கிறது: 'மேலோட்டக் கற்றல்'. கனவான்கள் அதை மாணவன் நெற்றியில் ஒட்டிவிட்டுக் கை கழுவிக்கொள்கிறார்கள்.

இந்தச் சொல் பிறந்த கதையை அவர்கள் சொல்வதில்லை. ஸ்வீடன் தேசத்துக் கோதன்பர்க் சர்வகலாசாலையில் ஃபெரன்ஸ் மார்டன், ரோஜர் சால்யோ என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். படித்து முடித்ததும், என்ன புரிந்தது, எப்படிப் படித்தாய் என்று விசாரித்தார்கள். சிலர் கட்டுரை என்ன சொல்ல வருகிறது என்று தேடியிருந்தார்கள். சிலர், கேள்வி கேட்பார்களே என்று வார்த்தைகளை நெட்டுருப் போட்டிருந்தார்கள். முன்னது ஆழ்ந்தது, பின்னது மேலோட்டமானது என்று 1976-ல் எழுதினார்கள்.

அத்தோடு நின்றார்களா? இல்லை! கேள்வியின் தன்மையை மாற்றினால் படிக்கும் முறையும் மாறுகிறது என்பதையும் அவர்களே காட்டினார்கள். ஆகவே இது பையனின் ஜாதகம் அல்ல; அவன் முன் வைத்த வேலையின் குணம். நெட்டுருவுக்கே மார்க் போடும் பரீட்சையை வைத்துவிட்டு, நெட்டுருப் போட்டான் என்று அவனை ஏசுவது எந்த ஊர் நியாயம்?

'முனைந்து கற்றல்' என்று இன்னொரு சொல். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். வாத்தியார் மணிக்கணக்காய்ப் பிரசங்கம் செய்யாமல், வகுப்பிலேயே கணக்கைப் போட வைப்பது, பக்கத்துப் பையனோடு விவாதிக்க வைப்பது. அவ்வளவுதான். (நீங்கள் தறி ஓட்டவும் நாற்று நடவும் உபந்நியாசம் கேட்டா பழகினீர்கள்?) அமெரிக்காவில் ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் விஞ்ஞானம், எஞ்சினீயரிங், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டி 2014-ல் வெளியிட்டார்கள். பிரசங்க வகுப்பில் தோற்றவர் சராசரியாக நூற்றுக்கு 33.8 பேர். முனைந்து கற்ற வகுப்பில் 21.8 பேர். இடையிலுள்ள அந்தப் பன்னிரண்டு பேரும் மூளையை எந்தக் கடையில் வாங்கினார்கள்?

அந்நாட்டிலேயே 2020-ல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கறுப்பின மக்கள் போன்ற ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் இதனால் கூடுதல் லாபம் என்று கண்டது. தேர்ச்சியில் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் இருந்த இடைவெளி நூற்றுக்கு 45 பங்கு சுருங்கியது.

"நூறு பேரை ஒரே அறையில் அடைத்தால் யார் நோட்டை யார் பார்ப்பது?" என்று வாத்தியார் கேட்கிறார். நியாயமான கேள்விதான். அவரை நாம் குறை சொல்லவில்லை. வாத்தியார் வேலையைக் காலியாகப் போட்டுவிட்டு, தற்காலிகக் கூலிக்கு ஆள் வைக்கும் நிர்வாகம் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

உங்கள் பிள்ளை தோற்று வந்தால் கை ஓங்காதீர்கள். வினாத்தாளை வாங்கி, படித்த தோழர் ஒருவரிடம் காட்டுங்கள். நெட்டுருக் கேள்வி எத்தனை, யோசிக்கும் கேள்வி எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். அந்தக் கணக்கோடு பத்துப் பேராய்ப் பிரின்சிபால் அறைக்குப் போங்கள்.